மூச்சுப்பிடியாரின் ஈய அங்கி

அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பதவிப் பெயர் நீளமானது. மாதச் சம்பளம் வாங்கும் நாளில் தவிர அவருக்கே அது நினைவில் இருந்ததில்லை. ஊர் கொடுத்த பெயர் மூச்சுப்பிடியார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, புடிங்க, ஆடாதீங்க, விடுங்க" என்ற நாலே நாலு வசனத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, மகளைப் படிக்க வைத்து, வீடும் கட்டி முடித்த மகானுபாவர்.

கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் பாதி ஜனம் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவர் "விடலாம்" என்று கையசைத்த பிறகுதான் காய்கறி வியாபாரமே மறுபடி நடக்கும். ஒரு முறை பாங்கு வரிசையில் தும்முவதற்காக அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க, வரிசை மொத்தமும் சேர்ந்து இழுத்ததில் சுவரில் தொங்கிய நாள்காட்டி படபடத்ததாகக் கேள்வி. அவர் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் நிலா வரைக்கும் பாய் விரிக்கலாம் என்பார். திரும்பி வரவும் விரிக்கலாம் என்பார்கள் அவரை அறிந்தவர்கள்.

முகங்கள் அவருக்கு மறந்துவிடும். எலும்புகள் மறக்கா. "உங்க இடது காரை எலும்பு சௌக்கியமா?" என்றுதான் குசலம் விசாரிப்பார். ஒருத்தர் வயிற்றில் சாவிக்கொத்து பார்த்தேன் என்பார். அடுத்த தடவை சொல்லும்போது அது அலாரம் கடிகாரமாகிவிடும். மூன்றாம் தடவை அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அவருடைய மகள் தாலாட்டுக்குப் பதிலாக இந்தக் கதைகளைக் கேட்டே தூங்கி வளர்ந்தவள். அப்பா சொல்வதைப் பத்தால் வகுத்து, மிச்சத்தில் பாதியை நம்பினால் போதும் என்பது அவள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்த கணக்கு.

ஓய்வு பெறும் நாளில் மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர், ஓரம் வெடித்து ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஈய அங்கி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்க மாட்டிக்கொள்கிற, ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கிற அங்கி. "இத்தனை வருஷம் என்னைக் காப்பாத்தினது. அநாதையா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்டார். பரண் மேல் ஏற்றி வைத்தார். அதோடு அதை மறந்தார்.

மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிவிட்டது. மகள் பக்கத்து ஊரில், கப்பலில் வேலை செய்யும் கணவனோடு. கணவனோடு என்பது பேச்சுக்கு; அவன் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருந்தான். அவருக்குத் துணை என்று இருந்தது மச்சினர் ஒருவர்தான், மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு பழைய வாடகைக் கார். அந்தக் கார் இருமிக்கொண்டு போகாத சந்து ஊரில் கிடையாது. தினமும் காலையில் வந்து டீ போட்டு, அத்தானுக்கு ஒன்று, தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டு, நாலு வசவு வாங்கிக்கொண்டு போவார்.

இப்படி இருக்கும்போதுதான் இடுப்பு வலி வந்தது. வயசு வலி என்று தைலம் தடவினார். தைலக் கடைக்காரர் மாடி கட்டியதுதான் மிச்சம். கடைசியில் தன் பழைய அறைக்கே போனார். அவரிடம் தொழில் பழகியவன்தான் இப்போது அங்கே பொறுப்பு. வாத்தியாரைப் படுக்க வைத்து, புரட்டி, நிறுத்தி, தலை முதல் கால் வரை எடுத்தான். படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டினான். மூச்சுப்பிடியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மண்டையோடு முழுக்கப் பூச்சி அரித்த பழைய புத்தகம் மாதிரிப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.

"அடப்பாவமே, யாருடா இது? ஆள் தேறாது போலிருக்கே. நம்ம படம் எங்கே?" என்றார்.

அவன் படத்தை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் படத்தின் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தார்.

"சரி, படம் நல்லா வந்திருக்குடா," என்றார். "ஆடாம நின்னிருக்கான் பார்."

எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகைப் புற்று என்றார் டாக்டர். "பயப்படாதீங்க, இப்ப மருந்து இருக்கு. மாத்திரைதான். தாலிடோமைடுன்னு பேரு."

மூச்சுப்பிடியாருக்குத் தலையில் எஞ்சியிருந்த பத்துப் பன்னிரண்டு முடியும் எழுந்து நின்றது.

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியைத் தோளைப் படம் எடுக்க அனுப்பியிருந்தார்கள். பத்து வயசிருக்கும். மஞ்சள் கவுன். அவர் ஃபிலிமைச் சொருகிக்கொண்டே, பழக்க தோஷத்தில், முகம் திருப்பாமல், "கையை ரெண்டு பக்கமும் தொங்க விடும்மா" என்றார். "விட்டாச்சுண்ணா" என்று குரல் வந்தது. திரும்பினார். தோளிலிருந்தே நேராகச் சின்னச் சின்ன விரல்கள் முளைத்திருந்தன. கை என்று நடுவில் ஒன்றுமில்லை. அவள் அந்த விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அவளுடைய அம்மா சுவரைப் பார்த்தபடி, "இவ வயித்துல இருக்கும்போது தூக்கம் வரலைன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. எல்லாருக்கும் குடுத்தாங்க" என்றாள். டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது இந்தப் பெயர்தான். அவ்வளவுதான். சாவிக்கொத்தைக் கடிகாரமாக்கிய மனுஷன் இந்த ஒரு கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

"டாக்டர், அது... அந்த மருந்தா?"

"அதே மருந்துதான். ஒரு காலத்துல உலகமே காறித் துப்பின மருந்து. அப்புறம் தொழுநோய்க்காரங்களுக்கு வர்ற ஒரு வேதனைக்கு இது கேக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்புறம் உங்க வியாதிக்கும் கேக்குதுன்னு தெரிஞ்சுது. புதுசா இரத்தக் குழாய் முளைக்கறதை இது தடுக்குதுன்னு சொல்றாங்க. சிசுவுக்குக் கைகால் முளைக்கற நேரத்துல அது நாசம். புற்று வளர்ற நேரத்துல அதுவே நமக்கு லாபம். கவனமா வச்சுக்கணும், அவ்வளவுதான். கவுண்டர்ல விவரமாச் சொல்லுவாங்க."

கவுண்டரில் சொல்லத்தான் செய்தார்கள். கேட்க ஆள் இல்லை. மெலிந்த இளைஞன் ஒருவன், காது மடல் வரை சிவந்துபோய், எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தான். மச்சினர் பக்கத்தில்.

"ஐயா, இந்த மருந்து சாப்பிடறப்போ, அதாவது, நீங்க உங்க மனைவியோட..."

"அவ போய்ச் சேர்ந்துட்டா தம்பி."

"மன்னிக்கணும். வேற யாராவது..."

"நல்லாக் கேளுங்க தம்பி," என்றார் மச்சினர். "வேற யாராவது இருந்தா முதல்ல எனக்குத் தெரியணும். எங்க அக்கா சார்புல."

"இல்லைங்க, ஆணுறை கட்டாயம்னு எல்லாருக்கும் சொல்லணும்..."

"அத்தானுக்கா! இடுப்பைப் புடிச்சுக்கிட்டுச் செருப்பு மாட்டவே அரை நாள் ஆகுது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இளைஞன் வியர்த்தான். "அப்புறம், கர்ப்பமா இருக்கறவங்க இருந்தா, அவங்க இந்த மாத்திரைய..."

"நிறுத்து தம்பி," என்று கை காட்டினார் மூச்சுப்பிடியார். "கர்ப்பிணியை எப்படித் தள்ளி வைக்கணும்னு எனக்கா பாடம் எடுக்கறே? எக்ஸ்ரே ரூம் கதவுல அந்த போர்டை என் கையால மாட்டினவன் நான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி. எல்லாம் தெரியும். குடு."

இளைஞன் தப்பித்தோம் என்று கொடுத்துவிட்டான். அட்டையின் மேல் வயிறு தள்ளிய பெண்ணின் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. கதவு போர்டில் இருந்த அதே அம்மாள்! பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மருந்து ஆரம்பித்த புதிதில் மகள் ஓடி வந்து சில நாள் தங்கினாள். மாத்திரை இருந்த பிஸ்கட் டப்பாவை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பெயர் கேட்டபோது, "வாயில நுழையாத பேரு, வயித்துல மட்டும் நுழையுது" என்று சமாளித்தார். அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள். நெற்றியைத் துடைத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க அவர் மடியில் தலை வைத்துத் தூங்கினாள், சின்னப்பிள்ளை மாதிரி. அவர் கால் மரத்துப் போனாலும் ஆடவில்லை. ஆடாமல் இருப்பது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அல்லவா.

அவள் திரும்பிப் போய்க் கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது. "அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. மூணு மாசம் முடிஞ்சுது. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொல்லாம இருந்தேன்."

போன தடவை தங்கவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவர் சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டார். கூச்சல் பாதியிலேயே நின்றது. அவள் வந்து தங்கிய நாட்களை மனசுக்குள் பின்னோக்கி எண்ணினார். அப்போதே உள்ளே இருந்திருக்கிறது. கைகால் முளைக்கிற நாட்கள். அப்போதுதான் அவள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கியது.

அன்றிலிருந்து அவருக்கு அந்த மஞ்சள் கவுன் கண்ணை விட்டு அகலவில்லை.

மகளிடம் சொல்லலாமா? சொன்னால் அடுத்த நிமிஷம் போனில் அந்த மருந்தின் பெயரைத் தேடுவாள். அதில் வரும் படங்கள் ஒன்றிரண்டா! ஏற்கெனவே ஒன்றை இழந்தவள், மிச்ச மாதம் முழுக்கத் தன் வயிற்றைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருப்பாள். டாக்டரைக் கேட்கலாமா? கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே! டார்க் ரூமில் அவரே அடிக்கடி சொல்லும் ஜோக் ஒன்று உண்டு: "கழுவாத ஃபிலிம்ல எந்த எலும்பும் உடையறதில்லை." அதையே இப்போது இறுகப் பிடித்துக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் அவள் தன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

கதிருக்குத் தப்பிக்கத் தொழிலில் மூன்றே வழிதான் சொல்லித்தருவார்கள். நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஈயத்தை வை. முன்பெல்லாம் ஆபத்து இயந்திரத்தில் இருந்தது. இப்போது இயந்திரமே தான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஐந்தாம் மாதத்தில் மகள் போன் செய்தாள். "அவர் கப்பலுக்குப் போயிட்டார்ப்பா. பிரசவம் வரைக்கும் நான் அங்கேயே வந்து இருக்கேன். உங்களையும் பார்த்துக்கிட்ட மாதிரி ஆச்சு."

"இங்கேயா? இங்கே சுண்ணாம்பு அடிக்கறாங்களே!"

"போன மாசம்தானே அடிச்சீங்க?"

"அது உள்ளே. இது வெளியே. அப்புறம் எலி வேற. ஒவ்வொண்ணும் பூனை சைஸ். நேத்து ஒண்ணு பூனையையே துரத்திக்கிட்டுப் போச்சு."

"நான் அந்த எலியைக் கட்டிப்போட்டு வளர்க்கறேன். மாமா வந்து கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டார். வச்சிடறேன்."

வந்தேவிட்டாள். மச்சினர் காரை இருமவிட்டு நிறுத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூச்சுப்பிடியார் தன் கட்டிலை ஏற்கெனவே கொல்லைப்புற அறைக்கு மாற்றியிருந்தார். அங்கிருந்து ஜன்னல் வழியாக, "வாம்மா, வா வா, அங்கேயே உட்காரு, அந்த நாற்காலி நல்ல நாற்காலி" என்று வரவேற்றார். அவள் கூடத்துக்கு வந்தால் இவர் சமையலறைக்குப் போனார். அவள் சமையலறைக்கு வந்தால் இவர் வாசலுக்கு ஓடினார். இடுப்பு வலிக்காரர் இப்படி ஓடினால் நாட்டுக்கே ஓட்டத்தில் பதக்கம் வாங்கித் தரலாம்.

சாயங்காலம் அவள், "அப்பா, எவ்வளவு நேரம் அங்கேயே நிப்பீங்க? இங்க வந்து உட்காருங்க" என்று கட்டாயப்படுத்தினாள். வேறு வழியில்லாமல் வந்தார். வரும்போது ஈய அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு மாட்டினால் கேள்வி வரும். கேள்வி வராமல் இருக்க இயந்திரத்துக்கே மாட்டிவிட்டார். அரித்துப்போன முதுகெலும்பில் அந்தக் கனம் இறங்கியதும் கண்ணில் பூச்சி பறந்தது. கூடத்தின் கடைக்கோடியில், செருப்பு அலமாரி பக்கத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் வாயில் இருந்த டீயைத் துப்பிவிடாமல் விழுங்கப் பட்டபாடு பெரும்பாடு. "என்னப்பா கோலம் இது? எந்த நாட்டு மேல படையெடுப்பு?"

"இடுப்பு வலிக்கு. கனமா ஏதாவது போட்டா நல்லதாம்."

"அத்தான், அந்தக் கனத்தைச் சுமந்தா நல்லா இருக்கிற இடுப்புக்கும் வலி வரும்," என்றார் மச்சினர்.

"நீ சும்மா இருடா. உன் கார் வலிக்கு முதல்ல வைத்தியம் பாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். மகள் சிரிப்பின் நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, உதைக்குது! நீங்க பேசினா உதைக்குதுப்பா! கையைக் குடுங்க, சீக்கிரம், சீக்கிரம்." சொல்லிக்கொண்டே எழுந்து, கூடத்தைக் கடந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து வயிற்றின் மேல் வைக்கப்போனாள்.

அவர் கையை உதறினார். உதறிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "கிட்ட வராதே! தள்ளிப் போ! தொடாதேன்னு சொல்றேன்ல!"

வீட்டில் அவர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மகள் அப்படியே நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"ஏம்ப்பா?" என்றாள். அவர் சுவரோரமாக நகர்ந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெதுவாக, "வந்ததுலேர்ந்து ஓடி ஓடி ஒளியறீங்க. இப்பத்தான் புரியுது. போன தடவை தங்காததுக்கு நான்தான் காரணம்னு நினைக்கிறீங்க. இதுவும் தங்காதுன்னு முடிவே பண்ணிட்டீங்க. அதான் தொடக்கூட மாட்டேங்கறீங்க. அப்படித்தானே?" என்றாள்.

ஆயிரம் பொய் சொன்ன வாய். இல்லை என்று ஒரு உண்மையைச் சொல்ல அது திறந்தது. திறந்த வேகத்தில் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. சுண்ணாம்பும் எலியும் செய்ய முடியாததை இந்த ஒரு வார்த்தை செய்துவிடும். இவள் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். தூரம் தானாகவே கூடிவிடும்.

"அப்படியே வச்சுக்கோ," என்றார்.

அவள் அழவில்லை. பிரிக்காத பெட்டியை அவளே எடுத்தாள். மச்சினர் டீயைக் கீழே வைத்துவிட்டு, அத்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பின்னால் போனார். கார் தெருமுனை வரை இருமிக்கொண்டே போனது. இவர் ஈய அங்கியைக் கழற்ற முடியாமல் அதோடேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் மச்சினர் வழக்கம்போல் வந்தார். டீ போட்டார். தம்ளரை மேசையில் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அடுத்தடுத்த மாதங்களில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிவிடலாம். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மூச்சுப்பிடியார் தம்ளரைக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தான் என்று கூப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

மகள் போனை எடுப்பதில்லை. இவரும் கொஞ்ச நாளில் அடிப்பதை நிறுத்தினார். எடுத்தால் என்ன சொல்வது?

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வலி இறங்கியது, இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து டாக்டர் கை குலுக்கினார். ஆனால் குலுக்கியதே மூச்சுப்பிடியாருக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் கால் விரல், பிறகு கை விரல், பிறகு உள்ளங்கை என்று மரத்துக்கொண்டே வந்தது. சட்டைப் பொத்தானைக் குனிந்து கண்ணால் பார்த்துத்தான் போட முடிந்தது. தம்ளர் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்றார் டாக்டர். அளவைக் குறைத்தார். போன உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார்.

ஒன்பதாம் மாதமும் ஓடிவிட்டது என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், மருந்து வாங்க இருவரும் மச்சினர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கவுண்டருக்கு முன்னால் இருந்த மேசையில் அந்தக் காது சிவந்த இளைஞன் இல்லை. புதிதாக ஒரு பெண். "வாங்க ஐயா, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்ட எழுந்து நின்றாள்.

நிறைமாதக் கர்ப்பிணி.

மூச்சுப்பிடியார் பின்னால் தாவினார். தாவியதில் ஒரு சக்கர நாற்காலி, அதில் இருந்த பெரியவர், பெரியவர் கையில் இருந்த காப்பி, மூன்றும் மூன்று திசையில் போயின. "யாரும்மா உன்னை இங்க உட்கார வச்சது! மூளை இருக்கா இவங்களுக்கு! எழுந்திரு! தள்ளிப் போ! எல்லாரும் தள்ளுங்க, அந்தப் பொண்ணுக்கு வழி விடுங்க!"

"ஐயா, ஐயா! யாருக்கு என்ன ஆச்சு?"

"நான் தாலிடோமைடு சாப்பிடறவன்ம்மா!"

"தெரியும் ஐயா. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். "மாத்திரையத்தான் நான் தொட மாட்டேன். அதை அங்க அவர் எடுத்துக் குடுப்பார். நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன். உங்க பக்கத்துல உட்கார எனக்கென்ன பயம்? நீங்க என்ன எக்ஸ்ரே மெஷினா?"

அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பும் நின்றது.

"மடியில..." என்றார். "மடியில தலை வச்சுத் தூங்கினா?"

"யாரு ஐயா?"

"என் பொண்ணு. ஆரம்ப மாசம். எங்களுக்கே தெரியாது. கையைப் புடிச்சுவிட்டா. நெத்தியைத் துடைச்சா."

"மாத்திரையத் தொட்டாங்களா?"

"இல்ல. பூட்டி வச்சிருந்தேன்."

"அப்ப ஒண்ணுமே இல்ல ஐயா. மாத்திரையத் தொடக் கூடாது, முழுங்கக் கூடாது. நீங்க இரத்த தானம் பண்ணக் கூடாது. ஆணுறை விஷயம் உங்களுக்கு வேண்டாம், விடுங்க. மத்தபடி மடி என்ன பண்ணும்? கை என்ன பண்ணும்? இதெல்லாம் முதல் நாளே சொல்லியிருப்பாங்களே?"

சொல்ல வந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தியது யார் என்று அவருக்குத் தெரியும். மச்சினருக்கும் தெரியும், பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தவர்தானே.

மூச்சுப்பிடியார் நின்ற இடத்தில் நின்றார். முகம் சிவந்து, கறுத்து, பிறகு வெளுத்தது.

"விடுங்க," என்றார் மச்சினர். அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூச்சை விடுங்க அத்தான்!"

அத்தான் என்று கூப்பிட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. மச்சினர் அவரைக் காருக்குக் கூட்டிப் போனார். சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்துகொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "போன வாரமே பொறந்துடுச்சு. பொண்ணு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"கை?" என்றார் மூச்சுப்பிடியார்.

"என்ன கை?"

"கை, கை! கை இருக்கா?"

"இருக்காவா? அந்தக் கையால என் விரலைப் புடிச்சுட்டு விடவே மாட்டேன்னுச்சு. நர்ஸ் வந்து பிரிச்சு விட்டாங்க." சொல்லிவிட்டு மச்சினர் மெல்லத் திரும்பினார். "அட மடையா," என்றார். மரியாதையெல்லாம் போய்விட்டது. "இதைத்தான் இத்தனை மாசமா உள்ள வச்சிருந்தியா?"

கார் நேரே மகள் வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்த மகள் அப்பாவைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. அவர் உள்ளே போகாமல், பழக்கத்தில், வாசற்படிக்கு இரண்டடி தள்ளியே நின்றார். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். மருந்தின் பெயர், மஞ்சள் கவுன், மடி, அங்கி. ஒன்றையும் பெரிதாக்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்படிச் சொல்லத் தெரியாத மனுஷன், தட்டுத் தடுமாறி ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்து கேட்டாள்.

"மருந்துன்னு சொல்லியிருந்தா பயந்திருப்பேன்ப்பா," என்றாள். "ஒரு நாள் பயந்திருப்பேன். மறுநாள் என் டாக்டரைக் கேட்டிருப்பேன். ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பாங்க. அதோட முடிஞ்சிருக்கும்."

"ஆமாம்மா."

"நீங்க அன்னைக்கு 'அப்படியே வச்சுக்கோ'ன்னு சொன்னீங்கள்ல. அதை வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். குழந்தை உதைக்கறப்பல்லாம் இதுதான் கடைசி உதையோ, இதுதான் கடைசி உதையோன்னு. ஒரு உதையைக்கூட நான் சந்தோஷமா வாங்கலப்பா."

மச்சினர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இல்லாத தூசியைக் காரில் துடைத்தார்.

"உள்ள வாங்க," என்றாள் கடைசியில்.

நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையைக் கொண்டுவந்து, அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அதன் மேல் கிடத்தினாள். தாங்கலாகத் தன் முழங்காலை அவர் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மூச்சுப்பிடியார் முதலில் கைகளைப் பார்த்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இப்படிப்பட்ட படம் அவர் வாழ்நாளில் வந்ததில்லை.

"எப்படி இருக்கா?" என்றாள் மகள். குரலில் கொஞ்சம் இளக்கம் வந்திருந்தது.

அந்த இளக்கத்தைக் கண்டதும் பழைய மனுஷன் முழித்துக்கொண்டார். "எப்படி இருக்காளா! ஆகா! பட்டுன்னா பட்டு, உலகத்துல இருக்கிற பட்டுப்பூச்சியெல்லாம் ராஜினாமா பண்ணிட்டுப் போகணும். என்ன மெத்து! என்ன கதகதப்பு! வெயில்ல காயப்போட்ட பஞ்சு மாதிரி, ஒரு துளி ஈரம் இல்லாம..."

மச்சினர் குபீரென்று சிரிக்க வாயெடுத்தார். மகள் கையை உயர்த்தி அவரை அடக்கினாள். குழந்தை போன மூத்திரம் அவர் உள்ளங்கைகளை நனைத்து, விரலிடுக்கில் வழிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பஞ்சு வர்ணனையை இன்னும் முடிக்கவில்லை.

மகள் தரையைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

அவரும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். வர்ணனை நின்றது.

"கொஞ்ச நாளாத்தான்."

"நான் வந்தேனே, அன்னைக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றே மரத்துப் போயிருந்தது, வயிற்றில் கையை வைத்திருந்தாலும் உதை தெரிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் ஆறுதல், அவருக்கும் ஆறுதல்.

"அன்னைக்கு நல்லா இருந்துச்சும்மா," என்றார்.

அவள் குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, துணி ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால்தான் அவள் தன் கையைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்தது.